உங்கள் நடைக்கு ஒரு பச்சை விளக்கு

என்னங்க,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "அந்த ஊர்ல ரோட்டைத் தாண்டறதுக்குள்ள உயிர் போயிடும், இனி வரமாட்டேன்" என்று மகள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டீர்களே, அந்த ஊரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நகரத்தில் எதை மாற்ற வேண்டும் என்று வார்டுக் கூட்டத்தில் கேட்டார்கள். ஆளாளுக்கு மேம்பாலம், பூங்கா என்றார்கள். நான் எழுந்து, உங்கள் முழங்கால் பாட்டைச் சொல்லி, நம் தெருமுனை சிக்னலில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "எங்க அம்மாவுக்கும் இதே பாடுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் அரங்கமே கைதூக்கியது.

சிக்னல் சரிசெய்கிறவர் நேரில் வந்து, "சார் எப்படி நடப்பாரோ அப்படியே நடந்து காட்டுங்கம்மா" என்றார். காட்டினேன். நடுரோட்டில் நின்று கண்ணாடியைத் துடைத்து, பஸ் டிரைவரை ஒரு முறை முறைத்துவிட்டு, மெதுவாகக் கரையேறினேன். அதற்கு ஆன நேரத்தையே பச்சைக்கு வைத்துவிட்டார்.

நல்ல ஊர்தான் இது. பஸ், லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் இப்போது உங்கள் நடைக்காகக் காத்து நிற்கின்றன.

நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. உங்கள் தலையணைக்கு உறை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி