இரண்டாவது பஸ்ஸர்

மார்ச் 3

இன்று பதினேழு முறை. எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அப்பாவின் கட்டிலில் ஒரு பொத்தான், என் அறையில் ஒரு பஸ்ஸர், நடுவில் பேட்டரி. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் குரல் எழும்பவில்லை என்று நானே செய்து கொடுத்தது. அன்று எவ்வளவு பெருமை எனக்கு. இன்று மதியம் மட்டும் தலையணை, கண்ணாடி, மின்விசிறி, பிறகு காரணமே இல்லாமல் ஒரு முறை. "சும்மாதான். இருக்கியான்னு பார்த்தேன்."

வேறெங்கே இருக்கப் போகிறேன்.

மார்ச் 5

வெளியூர் நூலகத்திலிருந்து கடிதம். வேலை எனக்குத்தான். ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். அகராதிக்குள் வைத்திருக்கிறேன், இந்த வீட்டில் அதைத் திறப்பது நான் மட்டும்.

மார்ச் 6

மாடியில் இருக்கும் அண்ணனிடம், அப்பாவை நீயும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளேன் என்று கேட்டேன். கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"கேட்டா வர மாட்டேனா? மேல ஒண்ணுமே கேக்கறதில்ல."

சரி. கேட்க வைக்கிறேன்.

மார்ச் 9

மாடிவரை ஒயர் இழுத்து, இரண்டு பஸ்ஸர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். அப்பா அழுத்தினார். இரண்டும் முனகின. அண்ணன் படியில் நின்றபடி, "கொசு வளர்க்கிறியா?" என்றான். சிரிப்பு வந்தது. அழுகையும்தான்.

மார்ச் 10

பழைய இயற்பியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நான் செய்தது தொடர் இணைப்பு. பேட்டரியின் மின்னழுத்தத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் ஊமை. பக்க இணைப்பில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை, முழு அழுத்தம். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அடிக்கும்.

இன்னொரு வரியும் இருந்தது. மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வழி வேண்டும். இல்லையென்றால் அது புறப்படுவதே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டேன்.

மார்ச் 12

மாற்றிக் கட்டினேன். வீடே அதிர்கிறது.

மார்ச் 19

இரண்டும் அடிக்கின்றன. போவது நான் மட்டும். "நீ போயிட்டியேன்னு விட்டுட்டேன்" என்கிறான் அண்ணன். குறை ஒயரில் இல்லை. முதல் சத்தத்திலேயே நான் எழுந்துவிடுகிறேன் — அதுதான்.

மார்ச் 22

அப்பாவிடம் கடிதத்தைக் காட்டினேன். இடது கையில் பிடித்து வெகுநேரம் படித்தார்.

"உன்னோடதக் கழட்டிடு."

புரியாதவள் மாதிரி நின்றேன்.

"கழட்டும்மா. அது இருக்கிற வரைக்கும் அவன் எறங்க மாட்டான். நானும் உன்னத்தான் கூப்பிடுவேன்."

மார்ச் 23

கழற்றினேன். பத்தரைக்கு மாடியில் மட்டும் அடித்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடியும். போயிடலாமா? விழுந்து கிழுந்து வெச்சிருந்தா? மூன்றாவது முறை, நீளமாக.

படியில் செருப்புச் சத்தம். "என்னப்பா, தண்ணியா?"

மார்ச் 24

அண்ணன் கடிதத்தைப் படித்தான். "அடிப்பாவி" என்றான். பிறகு, பஸ்ஸர் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். உண்டு.

ஏப்ரல் 8

நூலக வாசலில் யாரோ சைக்கிள் மணியை அடித்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எதிரே படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ புத்தகம் எடுக்கப் போவது போல அலமாரி வரை நடந்து, வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.