எஞ்சின் நின்றதற்குக் காரணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

இங்கே பட்டறையில் நாங்கள் புதுப்பிக்கும் பழைய விசைப்படகு மூன்று வாரமாக உயிரை வாங்குகிறது. கடலில் கால்மணி நேரம் ஓடியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது. பெட்ரோல் இருக்கிறதா என்று தொட்டியைத் திறந்து பார்த்து மூடினால் மறுபடி ஓடுகிறது. பம்ப், வடிகட்டி எல்லாம் மாற்றியாயிற்று. ஸ்பேனரைக் கடலில் எறியலாம் போலிருக்கிறது.

"என்ன இஞ்சினியரம்மா, காலேஜ்ல இதச் சொல்லித் தரலியா?" என்கிறார் மேஸ்திரி ஷிமே. பெட்ரோல் குழாய் பொருத்திய யூரேயிடம், "நீ தொட்டது எது உருப்பட்டிருக்கு? சனிக்கிழமையோட கிளம்பு" என்று சொல்லிவிட்டார்.

இன்று தொட்டியை நான் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. தொட்டிக்குள் காற்று போகப் படகின் பக்கவாட்டில் சிறு துளை ஒன்று உண்டு; அது அடைபட்டால் பெட்ரோல் வராமல் எஞ்சின் நின்றுவிடும். ஓட்டையே தெரியக்கூடாது என்று ஷிமே சொன்னாரே என்று, அதையும் பட்டி வைத்து மூடி மூன்று கோட் பெயின்ட் அடித்தவள் நான்தான். அந்த மழமழப்பை எல்லோரும் பாராட்டினார்கள்.

நாளை யூரே இருக்கும்போதே ஷிமேயிடம் சொல்லிவிடுவேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அம்மா செய்த பிளம் ஜாம் சின்ன பாட்டில் போதும், இங்கே ஒருத்திதானே. தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள் மகள்,
மிர்னா

என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டால், பட்டதாரி மகள் என்று நீங்கள் சொல்லிவைத்திருக்கும் யாருக்கும் தெரியாமல், பஸ் நிலையத்துக்கு நீங்கள் மட்டும் வருவீர்களா?