ஒண்டிக்கொப்பல் வீட்டைப் பற்றிப் பாவாயிக்கு

என் பாவாயிக்கு,

முன்னெல்லாம் உனக்கு நான் எழுதிய காகிதங்களை உன் அண்ணன்தான் படித்துச் சொல்வார். மச்சான் வாயால் படிக்கப் போகிறாரே என்ற கூச்சத்தில், சொல்ல வேண்டியதில் பாதியை எழுதாமலே விட்டுவிடுவேன். நீ போய் ஒன்பது வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன். இதை ஒரு தமிழ் மாசப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், ஊரே படிக்கட்டும். இனி எனக்கு என்ன கூச்சம்?

நம் வீட்டை விற்றுவிட ஏற்பாடு செய்திருந்தேன், பாவாயி. நீயும் நானும் பதினான்கு மாசம் சேர்ந்து குடியிருந்த அதே வீடுதான். பத்திரம் எழுத நாள்கூடக் குறித்தாயிற்று. அதற்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு சங்கதி தெரியவந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்த வீட்டை எப்படி வாங்கினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? வாங்கினோம் என்ன வாங்கினோம், வாங்கினேன். இரண்டு வீடு பார்த்தோம். ஒன்று மைசூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த சந்தில். இன்னொன்று ஒண்டிக்கொப்பலில், ரயில்வே ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரத்தில், புதிதாக ரோடு போட்டு மனை பிரித்த இடத்தில். நான் கையில் ஒரு காகிதம் வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீர், காற்று, சாக்கடை, ஆபீஸ் தூரம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தேன். என்ன பெரிய மனுஷன் என்று நினைப்பு!

நீ சந்து வீட்டுச் சமையலறையிலேயே நின்றுவிட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சேலத்துக்காரம்மாவோடு, முகத்தைக்கூடப் பார்க்காமல், அரை மணி நேரம் பேச்சு. வெளியே வந்ததும் உன் முகம் அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது.

"ஏனுங்க, அந்தம்மா அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் கேக்குதுங்க."

"அதுதான் இந்த வீட்டின் பெரிய குறை" என்று சொல்லிக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

"அட, குறையாங்க? நான் அதுக்குத்தானுங்க இந்த வூடு நல்லாருக்குதுன்னு சொல்ல வந்தேன்."

சிரித்தேன். உன்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துச் சிரித்தேன். பிளேக் வந்து பேட்டைச் சந்துகள் காலியானதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒண்டிக்கொப்பல் மாதிரிப் புது எக்ஸ்டென்ஷனில் வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டிருக்கிறார்கள், காற்று தாராளமாக வரும், வியாதி அண்டாது என்றேன். நீ விடவில்லை.

"ஊருப் பேரே ஒண்டியாமுங்க. நாம வேற அங்க போயி ஒண்டியாக் கெடக்கோணுமாக்கும்? காத்துகூடவா பேசறது?"

போகப் போகப் பழகிவிடும் என்றேன். எல்லையோரக் கௌதள்ளியில் பிறந்த எனக்குக் கன்னடமும் தமிழும் தெருவில் விளையாடும்போதே ஒன்றாக வாயில் ஏறிவிடும். பவானிக்காரி உனக்கு அப்படி இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காகிதத்தில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்தது நஞ்சம்மா. அறுபது தப்படி தள்ளி அவள் வாசல். அவளுக்குத் தமிழ் தெரியாது, உனக்குக் கன்னடம் தெரியாது. கிண்ணத்தில் ஏதாவது கொடுப்பாள், நீயும் ஏதாவது கொடுப்பாய். "அந்தம்மா சிரிக்கறாங்க, நானும் சிரிக்கறனுங்க. எத்தனை நாளைக்குத்தான் சிரிச்சுக்கிட்டே இருக்கறது?" என்று ஒருநாள் கேட்டாய். சாயங்காலம் நான் வந்ததும் அன்றைய நாள் முழுவதையும் என் தலையில் கொட்டுவாய். நான் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே "உம்" போடுவேன். அந்த "உம்" ஒவ்வொன்றும் இப்போது என்னைக் குத்துகிறது.

அந்தக் கார்த்திகையில் மறுபடியும் பிளேக் வந்தது. உனக்கு ஒன்பதாம் மாசம். தலைப் பிரசவத்துக்கு நீ பவானிக்குப் போயிருக்க வேண்டும். மைசூரிலிருந்து வருகிறவர்களை ஊருக்குள் விடமாட்டேன் என்கிறார்கள், கொஞ்சம் பொறுத்து வாருங்கள் என்று உன் அண்ணன் எழுதிவிட்டார். பலரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டார்கள். நான் போகவில்லை. நம் வீட்டுக்கு என்ன வரப்போகிறது, காற்றோட்டமான இடம் என்று வீம்பு. சந்திலிருந்த மருத்துவச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவன் உன்னைச் சமையலறைத் தரையில் பார்த்தேன். குழந்தை உன் முந்தானையில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. அதற்கு மேல் அந்தத் தரையைப் பற்றி எழுத என்னால் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூப்பிட்டால், பிளேக் கேஸ் என்று நினைத்து இரண்டு ஜட்காக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள், மூன்றாமவன் ஏற்றிக்கொண்டான். வண்டியில் நீ ஒன்றுதான் சொன்னாய்.

"கூப்புட்டனுங்க. ரொம்ப நேரம் கூப்புட்டனுங்க. யாரும் வரலீங்க."

"வீடு தள்ளித் தள்ளி இருக்கு பாவாயி, கேட்டிருக்காது" என்றேன். நீ தலையை ஆட்டினாய். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

கேட்டிருக்காது என்றுதான் நானும் ஒன்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், மூட்டை முடிச்சோடு ஊருக்கு வெளியே போயிருந்த நஞ்சம்மா திரும்பி வந்தாள். சேதி கேட்டவள் நேராக உள்ளே வந்து, பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வாடிக் கிடந்த நம் பெண்ணைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. தன் பிள்ளைக்குப் பாதி, நம் பெண்ணுக்குப் பாதி. ஜாதி என்ன குலம் என்ன என்று நம் பக்கத்தில் முணுமுணுத்தார்கள். போங்கடா என்று விட்டேன். தெய்வம்தான் அந்த உருவில் வந்தது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

பெண்ணுக்குக் காவேரி என்று பேர் வைத்தேன். நஞ்சம்மாவுக்கு அவள் புட்டி, கன்னடத்தில் சின்னப் பெண். முட்டிக்கால், அடம், சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குவது எல்லாம் உன்னைப் போலவே. பேச்சு மட்டும் முழுக்கக் கன்னடம். நானும் அவளோடு கன்னடத்திலேயே பேசினேன். அந்த வீட்டுக்குள் தமிழ்ச் சத்தம் கேட்டால் எனக்குத் தாங்காது, அதுதான் காரணம்.

போன மாசம் உன் அண்ணன் வந்தார். மாமன் வாங்கி வந்த பாவாடைத் துணியைக்கூட வாங்காமல் காவேரி நஞ்சம்மா சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏனுங் மாப்பள, எந்தங்கச்சி பெத்த புள்ளைக்கு மாமன் பேசறது ஒரு வார்த்தை வெளங்கலீங்களே! நம்ம சனத்தோட கொண்டுபோயி வையுங்க. இன்னும் எதுக்குங்க இந்த அத்துவானக் காட்டுல?"

நியாயம்தானே என்று தோன்றியது. உனக்குக் கொடுக்காத வீட்டை உன் பெண்ணுக்காவது கொடுப்போம் என்று நினைத்தேன். அதே சந்தில், அன்று நாம் பார்த்த வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, ஒன்று விலைக்கு வந்தது. பேசி முடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

நஞ்சம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் வந்து கூடத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆ தின நனகெ கேளிஸ்து, ஸ்வாமி" என்றாள். அன்றைக்கு எனக்குக் கேட்டது என்கிறாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் அழுதுகொண்டே கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அன்று காலையில் நீ கத்தியது அவள் காதில் விழுந்திருக்கிறது. நீ "வலி, வலி" என்று கத்தியிருக்கிறாய். அவள் காதில் விழுந்தது "இலி, இலி." கன்னடத்தில் இலி என்றால் எலி, பாவாயி. பிளேக் சமயத்தில் வீட்டுக்குள் எலி விழுந்தால் அந்த வீட்டுப் பக்கமே யாரும் போகமாட்டார்கள். நம் வீட்டில் எலி செத்து விழுந்துவிட்டது, அதைப் பார்த்துத்தான் நீ அலறுகிறாய் என்று நினைத்து, தன் இரண்டு பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு கதவைப் பூட்டி ஓடியிருக்கிறாள். ரோட்டு முனை வரை உன் குரல் கேட்டதாம்.

"கொலைகாரி" என்றேன். அந்த வார்த்தை இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அவளுக்கு விளங்கியது. வாசல் வரை போனவள் திரும்பி, "நோவு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே, ஸ்வாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நோவு. கன்னடத்திலும் நோவுதான், தமிழிலும் நோவுதான். நீ வலி என்று சொல்லிப் பழகியவள். என் ஆத்தா ஆயுசு முழுக்க நோவு என்றுதான் சொன்னாள். பதினான்கு மாசம் உன்னோடு இருந்தேனே, இங்கே வலி என்றால் விளங்காது, நோவு என்று சொல் என ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது ஏன் தோன்றவில்லை?

அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. காவேரியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன். எங்கேயாவது விழுந்து அடிபட்டால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்து, "அம்மன்ன" என்றாள், அம்மாவை என்று. நஞ்சம்மாவைத்தான் அவள் அம்மா என்கிறாள். புது வீட்டுக்குப் போன பிறகு, என்றேன். யோசித்தாள். அங்கே கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அங்கே எல்லோரும் நம் ஆட்கள், தமிழ்க்காரர்கள், எல்லோரும் வருவார்கள் என்றேன்.

"நனகெ தமிளு பரல்வல்லப்பா" என்றாள். எனக்குத் தமிழ் வராதே அப்பா என்கிறாள்.

உன்னைக் கொண்டுபோய் வைத்த மாதிரியே அவளையும் கொண்டுபோய் வைக்கப் பார்த்தேன், பாவாயி. இடம் மட்டும்தான் மாறியிருந்தது. இந்தத் தடவையும் கூரை, தண்ணீர், அண்டை அயல், ஜனம் எல்லாம் பார்த்தேன். அதில் குடியிருக்கப் போகிறவளை மட்டும் கேட்கவில்லை.

பத்திரத்தை நிறுத்திவிட்டேன். சந்து வீட்டுக்காரருக்குக் கோபம், உன் அண்ணனுக்கு அதைவிடக் கோபம். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வீடு வாங்கும்போது கிணற்றையும் காற்றையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஜனம் இருக்கிற தெருவா என்றும் பாருங்கள். பகலெல்லாம் அந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறவள் எந்தப் பாஷையில் கூப்பிடுவாள், அது அங்கே யாருக்கு விளங்கும் என்று அதற்கு முன்னால் பாருங்கள்.

நஞ்சம்மாவை மன்னித்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பால் கொடுத்தவளும் அவள்தான், பூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். காலையில் காவேரி அந்த வாசலுக்கு ஓடும்போது தடுப்பதில்லை, அவ்வளவுதான். இப்படி எழுதப் போகிறேன் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். "பரீரி" என்றாள். எழுதுங்கள் என்று அர்த்தம். நீ இருந்திருந்தால் யார் மேல் கோபப்பட்டிருப்பாய்? அவள் மேலா, என் மேலா? எனக்குப் பதில் தெரிந்த மாதிரியும் இருக்கிறது, கேட்கப் பயமாகவும் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை முதல் காவேரிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ழகரம் வரமாட்டேன் என்கிறது. கோபித்துக்கொண்டு சிலேட்டைத் தூக்கிப் போடுகிறாள். பரவாயில்லை, மெதுவாக வரட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். யார் துணையும் இல்லாமல் இந்தக் கடிதத்தை அவளே தொடங்கி அவளே படித்து முடிக்கிற வரைக்கும் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். ஒரு வரியையும் அவளிடமிருந்து மறைக்கமாட்டேன். படித்து முடித்த அன்றைக்கு, அவள் எந்த வீட்டில் இருக்க விரும்புகிறாளோ அந்த வீட்டில் இருக்கட்டும். அறுபது தப்படி தள்ளிப் போகிறேன் என்றாலும் சரி, உன் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாலும் சரி, என் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்றாலும் சரி, நான் மறிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் வீடு வாங்கிய உன் புருஷன்,
காவேரியின் அப்பன்,
சென்னியப்பன்