கன்னிக்கு ஒரு ஜோடி ஸ்கேட்

என் வாயாடி அக்கா ரேவதிக்கு,

நாளைக்கு உனக்குப் படையல். அம்மா வீட்டைக் கழுவி விட்டுட்டு, உன் படத்துக்கு முன்னாடி கோலம் போட்டுக்கிட்டு இருக்காங்க. அப்பா பாச்சாங் பசார்ல பூ வாங்கப் போயிருக்காரு. நான் உன் கட்டில்ல உட்கார்ந்து எழுதறேன். கோவப்படாதே, என் கட்டில்ல துணி குமிஞ்சு கிடக்கு. நீ இருந்தப்போவும் அப்படித்தானே கிடந்துச்சு.

ஜாசின் பக்கத்து எஸ்டேட்டுல அம்மாவோட அத்தை ஒருத்தங்க கல்யாணம் ஆகாமலே செத்துப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்களை வீட்டுக் கன்னின்னு சொல்லி வருஷா வருஷம் புதுத்துணி வெச்சுப் படைப்பாங்க. கும்பிட்டு முடிஞ்சதும் அந்தத் துணியை வீட்டுப் பொம்பளப் பிள்ளை ஒருத்தி உடுத்தணும். அவ உடுத்தினா அந்தக் கன்னியே உடுத்தின மாதிரி. "செத்தவங்களுக்கு எதுக்குலா ஃபேஷன்?"னு நீ கேட்டு, பெரியம்மா கிட்ட நல்லா ஒரு குட்டு வாங்கின.

இப்போ நீதான் நம்ம வீட்டுக் கன்னி. டிங்கி காய்ச்சல்னு படுத்த, ஒரு வாரம்கூட ஆகல, போயிட்ட. எனக்கு உன் மேல எவ்வளவு கோவம் தெரியுமா? ஸ்கேட் மாட்டிக்கிட்டு ஹாலே அதிர்ற மாதிரி ஹாக்கி ஆடினவ, கொசு கடிச்சா சாவ?

முதல் படையல்ல உனக்கு ஊதா சேலை வெச்சாங்க. நான் உடுத்திக்கிட்டு வந்து நின்னேன். அம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. கன்னத்தைத் தடவி, "வந்துட்டியா ரேவதி"ன்னாங்க. ஒரு நாள்தானேன்னு நானும் விட்டுட்டேன்.

மறுநாள் நீ போகலக்கா. என் தட்டுல பாகற்காய் விழ ஆரம்பிச்சுது. நான் பாகற்காயைத் தொட மாட்டேன்னு அம்மாவுக்குத் தெரியாதா? "உனக்குப் பிடிக்குமேம்மா"ன்னு அள்ளி அள்ளி வெப்பாங்க. கடையில துணி எடுத்தா உனக்குப் பிடிச்ச கலர். என் பேரைச் சொல்லிக் கூப்பிடறதே குறைஞ்சு போச்சு. நானும் கசப்பை முழுங்கி முழுங்கி, ஒரு நாள் பாகற்காய் நல்லாத்தான் இருக்குன்னு தோணிடுச்சு. அன்னைக்கு எனக்கு உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு.

அப்புறம் உன் ஸ்கேட். "அவ ஹாக்கி சும்மா நிக்கக் கூடாது, நீ போய் ஆடு"ன்னு அம்மாதான் அதை என் கையில குடுத்தாங்க. தஞ்சோங் கிளிங் ஹால்ல, உன் டீம்லயே சேர்ந்தேன். அந்த ஸ்கேட் பூட்டை நீ வாங்கினப்போ கடையில சூடு பண்ணி, உன் கால்லயே மாட்டி, உன் காலுக்குன்னு பிடிக்க வெச்சாங்க இல்ல? உன் கணுக்கால் எலும்பு உட்கார்ந்த குழி இன்னும் அப்படியே இருக்கு. என் எலும்பு அதுக்குக் கீழ இடிக்குது. ரெண்டு சாக்ஸ் போட்டு, முன்னால பஞ்சு அடைச்சுக் கட்டினாலும் குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கும். தோல் உரிஞ்சு, காஞ்சு, மறுபடியும் உரியும்.

வலியைக்கூட பொறுத்துக்கலாம். ஒரு நாள் ஆடிக்கிட்டு இருக்கேன், இடது பக்கம் திரும்பணும்னு நான் நினைக்கறதுக்கு முன்னாடியே பூட் திரும்பிடுச்சு. தோளைச் சாய்ச்சு, உள்காலை அழுத்தி, அச்சு அசல் உன் திருப்பம். உன் பழைய கூட்டாளிங்க எல்லாம் ஸ்டிக்கைக் கீழே விட்டுட்டுப் பார்த்தாங்க. ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. சத்தியமா நான் திருப்பலக்கா. நீயா?

போன வாரம் காலையில அம்மா எந்திரிச்சு உட்கார்ந்து, "ராத்திரி ரேவதி வந்தா"ன்னாங்க. "'அம்மா, கால் வலிக்குது'ன்னு சொன்னா. வெறுங்கால்ல நின்னா." நான் என் கட்டில்ல உட்கார்ந்து குதிகால்ல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு இருந்தேன். நீ போனதுல இருந்து அம்மா உன் கட்டில்லதான் படுக்கறாங்க, நான் ஒரு கை தூரத்துல படுக்கறேன். தூக்கத்துல முனகினது நானா? இல்ல, நெசமாவே நீ வந்தியா? ரெண்டுல எதுவா இருந்தாலும் பயமாத்தான் இருக்கு.

"இந்த வருஷம் சேலை வேணாம்"னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. "அவளுக்குப் புது ஸ்கேட் வெச்சுப் படைக்கலாம். இவ போட்டுக்கட்டும்."

அப்பா மெதுவா, "ஸ்கேட்டெல்லாம் படையல்ல வெப்பாங்களா?"ன்னு கேட்டாரு.

"பிள்ளை கேட்டுட்டா. வெக்காம இருக்க முடியுமா?"

சேலைன்னா ஒரு நாள் கூத்து. ஸ்கேட்டுன்னா, இனி ஆடற காலம் பூரா நான் உன் அளவுலதான் நிக்கணும். இந்த வீட்டுல எனக்குன்னு ரெண்டு கால் இருக்கா இல்லையான்னு அப்பவே கேட்டிருக்கலாம். அம்மா முகத்தைப் பார்த்தா எவளுக்கு வாய் வரும்?

கடைக்குப் போனோம். நீ வாங்கின கடையை மூடிட்டாங்க, இது புதுசு. கடைக்காரரு ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன், எல்லாரும் நானான்னுதான் கூப்பிடறாங்க. அவருக்கு நம்மளைத் தெரியாது.

"யாருக்கும்மா?"ன்னு கேட்டாரு.

"என் பெரியவளுக்கு. ஆறாம் நம்பர் குடுங்க."

"பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. ஹாக்கி ஸ்கேட்டு, காலைப் பார்க்காம குடுக்க முடியாதுலா. சூடு பண்ணிப் பிடிக்க வெச்சுட்டா அப்புறம் மாத்தவும் முடியாது."

அம்மா அவரையே பார்த்தாங்க. அப்புறம் என் தோள்ல கை வெச்சு, என்னை ஒரு அடி முன்னால தள்ளினாங்க. "இதோ நிக்கறாளே."

நான் நின்னேன். வேற என்ன செய்ய? கடைக்கார நானா என்னை உட்கார வெச்சு, மெல்லிசா ஒரு சாக்ஸ் குடுத்து, ஆறாம் நம்பரை மாட்டிவிட்டாரு. கயித்தைக் கட்டாம, கால் விரலை முன்னால முட்ட வெச்சு எந்திரிக்கச் சொன்னாரு. குதிகாலுக்குப் பின்னால விரலை விட்டுப் பார்த்தாரு. ரெண்டு விரல் தாராளமா போச்சு.

"ரொம்பப் பெருசும்மா. முட்டியை மடக்கி நின்னா குதிகால் பின்னால ஒட்டிக்கணும், விரல் முன்னால தொட்டும் தொடாம இருக்கணும். இதுல ஆடினா கணுக்கால் போயிடும். நாலரை போட்டுப் பார்ப்போம்."

"ஆறுதான் வேணும்"னாங்க அம்மா. "அவ ஆறுதான் போடுவா."

நானா என் காலைப் பார்த்தாரு, அம்மாவைப் பார்த்தாரு. "யாரும்மா அவ?"

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்துச்சுன்னு தெரியல. கடையே கேக்கற மாதிரி கத்திட்டேன். "ஆறு எங்க அக்கா சைஸ், நானா. அக்கா செத்துட்டாங்க. இது என் கால்."

என் தோள்ல இருந்த கை கீழே இறங்கிடுச்சு. திரும்பிப் பார்க்க எனக்கு தைரியம் இல்ல. நீ செத்துட்டன்னு நம்ம வீட்டுல யாரும் இதுவரைக்கும் வாயால சொன்னதில்லக்கா. "போயிட்டா"ன்னு சொல்லுவோம், "சாமியாயிட்டா"ன்னு சொல்லுவோம். அந்த வார்த்தை அங்க, பந்துக்கும் மட்டைக்கும் நடுவுல, வெளியே வந்துடுச்சு.

நானா "யா அல்லா"ன்னு மெதுவா சொல்லிட்டு, ஒரு முக்காலியைக் கொண்டாந்து அம்மாவை என் பக்கத்துல உட்கார வெச்சாரு. அப்புறம் உள்ளே போய் நாலரையை எடுத்துக்கிட்டு வந்தாரு. வேணுமா வேணாமான்னு யாரையும் கேக்கல. என் கால் உள்ளே போனதும் பொருந்தி நின்னுடுச்சு. அதுக்கு மேல ஆடல, வழுக்கல. அவ்வளவு நாள் உன் பூட்டுக்குள்ள நான் தட்டுத் தடுமாறினது அப்போதான் புரிஞ்சுது.

சின்ன அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில பூட்டை வெச்சு சூடு பண்ணி, மறுபடி மாட்டி, கயித்தை இழுத்துக் கட்டினாரு. "ஆறற வரைக்கும் எந்திரிக்காதே பாப்பா"ன்னு சொல்லிட்டு வேற ஆளைக் கவனிக்கப் போயிட்டாரு. நானும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சூடு மெதுவா கணுக்காலைச் சுத்திப் பிடிச்சுது. யாரோ ரெண்டு உள்ளங்கையால என் காலைப் பொத்திப் பிடிச்சிருந்த மாதிரி இருந்துச்சு. அது நீதான், அதுல எனக்கு அப்போ சந்தேகமே இல்ல. அம்மா கிட்ட சொல்லல. இது மட்டும் எனக்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா குனிஞ்சாங்க. "வலிக்குதா?"

"இல்லம்மா. சரியா இருக்கு."

அம்மா தன் விரலை எடுத்து என் குதிகாலுக்குப் பின்னால விட்டுப் பார்த்தாங்க. போகல. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு தடவி, எங்கேயாவது இடம் இருக்கான்னு தேடினாங்க. எங்கேயும் இல்ல.

"அப்போ இது அவளுக்குப் பத்தாது"ன்னாங்க.

"பத்தாதும்மா."

அப்புறம் அம்மா அழுதாங்க பாரு. உன்னைக் கடைசியா வண்டியில ஏத்தினப்போகூட அழாதவங்க, கடையில, அத்தனை பேர் முன்னால, என் முட்டியில தலையை வெச்சுக்கிட்டு "ஐயோ என் பிள்ளை செத்துப் போச்சே"ன்னு கதறினாங்க. நான் எந்திரிச்சுக் கட்டிப்பிடிக்கலாம்னா, பூட் இன்னும் ஆறல. உட்கார்ந்த இடத்துலயே அம்மா முதுகைத் தடவிக்கிட்டு இருந்தேன்.

நாளைக்குப் படையல்ல ஸ்கேட் இல்லக்கா, அந்த நாலரை என்னோடது. மஞ்சள் சேலை எடுத்திருக்கோம், பாகற்காய் பொரியலும் உண்டு. அந்தச் சேலையை நான் உடுத்திக்கறேன். அம்மா உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, நாளைக்கு ஒரு நாள் நான் "ம்"னு சொல்றேன். கன்னத்தைத் தடவினா காட்டிக்கிட்டு நிக்கறேன். நீ தாராளமா வா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இரு. மறுநாள் கூப்பிட்டா, "அம்மா, நான் சுபா"ன்னு சொல்லிடுவேன். அம்மா மறந்தா மறுபடியும் சொல்லுவேன். அம்மாவை நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதே. உனக்குப் பதிலா இல்லக்கா. அவங்க என் அம்மா.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால பொறந்தவ,
உன் தங்கச்சி சுபா