மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு இல்லை என்றேன்

இன்று காலை பீரோவைத் திறந்ததும் ரெக்சின் வாசனை வந்தது, மாப்பிள்ளை. நீங்கள் எனக்குத் தைத்துக் கொடுத்த முதுகு மெத்தை மேல்தட்டில் இருந்தது. யார் எடுத்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. உங்கள் காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள். எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

முப்பது வருடம் ராசிபுரத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். கரும்பலகையின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் முதுகெலும்புள்ளவை, மறுபக்கம் முதுகெலும்பற்றவை என்று எழுதுவேன். மீன், தவளை, மாடு இந்தப் பக்கம். மண்புழு, நத்தை, அட்டை அந்தப் பக்கம். அந்தப் பட்டியலை வகுப்போடு விட்டிருக்க வேண்டும். உங்கள் கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் திருச்செங்கோட்டுக்கு உங்கள் வீட்டைப் பார்க்க வந்தேன். லாரி சீட்டு தைக்கும் உங்கள் பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தது. என் மகள் எது சொன்னாலும் நீங்கள் "சரிங்க" என்றீர்கள். லாரிக்காரர் ஒருவர் வந்து சத்தம் போட்டபோதும் "சரிங்க"தான். பக்கத்து வீட்டு அம்மா, "மாப்ள எப்படீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"தங்கமான பையனுங்க. முதுகெலும்புதான் இல்ல" என்றேன்.

திரும்பினால் நீங்கள் காபி டம்ளரோடு நின்றிருந்தீர்கள். "சூடா இருக்குதுங்க அத்தை, பாத்துப் புடிங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்தேன். சேலத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருப்பதைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். எத்தனையோ வருடம் படம் வரைந்து பாகம் குறித்த எலும்பு. என்னுடையது என்று பார்த்தது அன்றுதான். நீங்கள் என்னை நேராக உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள்.

பெங்களூரிலிருந்து என் மகன் வந்தான். முதியோர் இல்லம் ஒன்றின் படங்களைப் போனில் காட்டினான். "அங்க நர்ஸ் இருக்காங்க. அம்மாவுக்கு அதான் நல்லது. எல்லாம் பேசி முடிச்சுட்டேன்" என்றான். நான் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. என் மகளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தை இங்கதான் இருப்பாங்க மச்சான்" என்றீர்கள் நீங்கள்.

"அது எங்கம்மா. முடிவு பண்றதுக்கு நீங்க யாரு?"

"நான் யாரா வேணா இருந்துட்டுப் போறனுங்க. அத்தை இங்கதான் இருப்பாங்க."

அவன் மத்தியானம் வரை கத்தினான். உங்கள் குரல் உயரவில்லை. வார்த்தையும் மாறவில்லை. அவன் சாப்பிடாமலே கிளம்பிப் போனான்.

மறுநாள் அந்த மெத்தையைத் தைத்துக்கொண்டு வந்தீர்கள். லாரி சீட்டுக்கு வைக்கும் ஸ்பாஞ்சு, மேலே சிவப்பு ரெக்சின். "டிரைவருக்கு முதுகுதாங்க அத்தை சோறு போடுது. அவுங்களுக்குத் தைக்கறவனுக்கு உங்க முதுகு தெரியாதுங்களா?" என்று சிரித்தீர்கள். ஏழு மாதம் என்னைத் தூக்கி உட்கார வைத்தீர்கள். நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க அத்தனை காலைகள் இருந்தன. கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல் மெஷின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் வாசலில் யாரும் பிடிக்காமல் நின்றிருந்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. எங்கோ மரத்துப்போயிருக்கிறது, எந்த இடம் என்று தொட்டுக் காட்டத் தெரியவில்லை.

என் மகள் இப்போதெல்லாம் காலையில் எழுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள். இன்று பீரோவை மூடிவிட்டு அவள் கட்டிலருகே போனேன். நீங்கள் தினமும் என்னை எழுப்பும்போது சொன்னதுதான் வாயில் வந்தது.

"ஒருக்களிச்சுப் படு சாமி. காலத் தொங்கப் போடு. கைய ஊனிக்க. அவசரமில்ல, மெதுவா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரியும். வெகுநேரம் கழித்துக் கையை ஊன்றினாள். நான் அவள் முதுகில் கை கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தாள்.