அப்பாவின் துப்பாக்கிக்கு ரப்பர் வைத்தேன்

கொங்ஸ்பர்க், நார்வே
செப்டம்பர் 1951

அன்புள்ள அப்பாவுக்கு,

தோள்வலி குறைந்ததா? அம்மாவின் இருமல்?

ஜெர்மன் சிப்பாய்கள் விட்டுப்போன துப்பாக்கியை, நீங்கள் கேட்டபடி எல்க் மான் வேட்டைக்காகப் பெரிய தோட்டா போகும்படி குழலைக் குடைந்துவிட்டேன். சுட்டுப் பார்த்தபோது கொஞ்சம் உதைத்தது. பட்டறை முதலாளி எய்விந்த் சிரித்தார்: "எல்க் விழுமோ என்னமோ, நீ விழுந்துட்டியேடா!" புருவத்தில் சின்னக் கீறல்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் தோளுக்காகக் துப்பாக்கிக் கட்டையின் தோளில் பதியும் முனையில் தடித்த ரப்பர் வைத்திருக்கிறேன். கழற்றாதீர்கள். கூட்டாளிகள் கேலி செய்தால் பழியை என்மேல் போடுங்கள்.

கம்பளிக் காலுறையும், கறி வற்றல் மிச்சமிருந்தால் அதுவும் அனுப்புங்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. இந்த முறை வேட்டைக்கு என்னால் வர முடியாது. ஆனாலும் அன்று ஓடைப் பாறையில், நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், வேறு ஆளை நிறுத்தாதீர்கள். எல்க் அந்த வழியாகத் தப்பினால் தப்பட்டும்.

உங்கள்
தோர்கில்ஸ்