கழுவக்கூடாத குழாய்

ஜூன் 3

காலையில் ரோட்டில் நசுங்கிக் கிடந்தவை: ஒன்பது ஆமை, நாலு தவளை, ஒரு தண்ணிப்பாம்பு. தவளையை எண்ணுவதுதான் பெரும்பாடு. நாலு கால் கிடைத்தால் ஒன்று என்று எழுதிக்கொள்கிறேன்.

சதுப்புக்கு நடுவே ரோடு போட்டவன் ஆமையைக் கேட்டா போட்டான்? கூத்து என்னவென்றால், முதல் பஸ்ஸை ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவர் நசுக்குகிறார், ரோடு கூட்டுகிற நான் பின்னாலேயே போய்ச் சுரண்டுகிறேன். நல்ல குடும்பம்.

ஜூன் 7

ஆமை போவதற்கு ரோட்டுக்கு அடியில் இன்ஜினியரம்மா பதித்த பெரிய குழாய் தயார். ரோட்டில் ஏறாதபடி இருபக்கமும் வலை. வலையோரமாகவே நடந்தால் குழாய் வாய்.

"ஒரு மாசம்தான் பார்ப்பாங்கக்கா. சாவு குறையலைன்னா அடைச்சிருவாங்க. அப்புறம் இதுங்களை ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க." சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பசி. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

ஜூன் 12

மூன்றுதான்! "நான் மெதுவா ஓட்டுறேன்ல" என்கிறார் இவர். இவர் மெதுவாகச் செய்வது கடைக்குப் போவது ஒன்றைத்தான். போன வாரம் உப்பு வாங்கப் போய், மத்தியானம் ஒரு குடையோடு வந்தார். உப்பு இல்லை. எதற்குச் சொல்ல வந்தேன்? ஆங், மூன்று.

ஜூன் 15

நாளை பெரிய அதிகாரி வருகிறாராம். "குழாய் கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார் மேஸ்திரி. அதிகாரி வருகிறார் என்றால் நாங்கள் மரத்தைக்கூடக் குளிப்பாட்டுவோம். சேறு, பாசி, சருகு எல்லாவற்றையும் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். ஆஸ்பத்திரி மாதிரி நெடி.

ஜூன் 16

அதிகாரி வரவில்லை.

ஜூன் 18

பதினாலு.

ஜூன் 20

பதினொன்று. இன்ஜினியரம்மா குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "யாருக்கா இதைக் கழுவினது?"

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். நான்தாம்மா, என்றேன்.

"சேத்து வாசனைதான்க்கா அதுங்களுக்கு வழி. நெடி அடிச்சதும் திரும்பி, வலை முடியுற இடத்துல ரோட்டுல ஏறிடுதுங்க."

ஐயோ, இத்தனை வருஷத்துல ஒரே ஒரு நாள் ஒழுங்கா வேலை செஞ்சேன். அதுக்கு இத்தனை உசிரா? யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?

ஜூன் 21

எனக்கும் இவருக்கும் லீவு. நெடி போகிறவரை தண்ணீர் ஊற்றினோம். அப்புறம் சதுப்பிலிருந்து சட்டி சட்டியாகச் சேறு அள்ளிக் கொட்டினோம்.

"அசிங்கம் பண்றதுக்கு என்னை ஏன்டி கூப்பிடுற?" என்றார் இவர்.

"அதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா?"

இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 29

நாலு.

ஜூலை 7

அதிகாரி ஒருவழியாக வந்தார். கழுவச் சொல்லி மேஸ்திரி நேற்றே மூன்று தடவை கத்தினார். "முடியாது மேஸ்திரி" என்றுவிட்டேன். என் வாயா அது?

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். "என்னம்மா இது, சாக்கடையா?" இன்ஜினியரம்மா வாய் திறப்பதற்குள் ஒரு ஆமை உடம்பெல்லாம் சேறாக வெளியே வந்தது. அதிகாரியின் ஷூமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, தன் பாட்டுக்குப் போனது. அவர் காலை அசைக்கவே இல்லை.

குழாய் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கும் ஒரு காகிதம் வந்தது. ஆபீஸ் தமிழ், இரண்டு தடவை படித்தேன்: துப்புரவுப் பணியில் அலட்சியம். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.